பரிசும் பொழுதுபோக்கும்

சத்யப்ரியா டவுனில், காளவாசல் பக்கம், என்ன வேலை பார்க்கிறாள் என்பது ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. குடும்பங்களுக்குப் பணத் திட்டம் போட்டுக் கொடுக்கிற வேலை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "பேங்க்கா?" என்று கேட்டார்கள். இல்லை. "இன்சூரன்ஸா?" அதுவும் உண்டு, அது மட்டும் இல்லை. "அப்ப சீட்டுக் கம்பெனியா?" என்று கேட்கும்போது மட்டும் கேட்பவரின் குரல் தணிந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் சனம் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். ஏசி போட்டு, காலண்டர் கொடுத்து, பொங்கலுக்கு எவர்சில்வர் தூக்கும் கொடுத்துவிட்டு, ஒருநாள் காலையில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவர்களை அவர்கள் மறந்துவிடவில்லை.

எம்.காம். முடித்து இரண்டு வருடம் பேங்க் பரீட்சைகளை எழுதி எழுதிக் கைதான் ஓய்ந்தது. "பிள்ளைய இன்னும் எம்புட்டு நாளைக்கு வீட்டுலயே வச்சிருக்கப் போறீக?" என்று கேட்க ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு மாப்பிள்ளை நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் மியூச்சுவல் ஃபண்ட் விற்க எழுத வேண்டிய பரீட்சையை ஒரே மூச்சில் எழுதித் தேறி, காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஆலோசனை நிறுவனத்தில் மாசி மாதம் சேர்ந்தாள். நாள் முழுக்க பப்ஸ் வேகிற வாசனை. வாங்கித் தின்னத்தான் சம்பளம் போதாது.

ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் பத்துக் குடும்பங்களுக்குத் திட்டம் போட்டு, அவர்கள் முதலீட்டையும் தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நேற்றுக் கல்லூரியை முடித்த பிள்ளையிடம் முன்பின் தெரியாதவன் தன் வரவு செலவைச் சொல்வானா? சொல்லமாட்டான். அது நிறுவனத்துக்கும் தெரியும். அதனால் இந்தத் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களை முதலில் சொந்தபந்தத்தின் மேல்தான் ஏவிவிடுவார்கள். கோபதாபம் வந்தால் அது குடும்பத்தோடு போய்விடும், நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. கெட்டிக்கார யோசனைதான்.

அவளுக்கு மேலதிகாரி தமிழ்வாணி. திருவாதவூர்க்காரி. அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சொந்த நிலம் என்று ஒரு குழிகூட இல்லாத வீட்டிலிருந்து வந்து, பைபாஸ் ரோட்டில் ஒரு ஃப்ளாட்டும் காரும் வாங்கியவள். நல்லவள்தான். ஆனால் செலவு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகம் இறுகிவிடும்.

அஞ்சு மாதம் முடியும்போது சத்யப்ரியாவின் கையில் ஒன்பது குடும்பங்கள் இருந்தன. அந்த ஒன்பதையும் தொடங்கி வைத்த முதல் குடும்பம் அவளுடைய தாய்மாமன் அழகுபாண்டியின் குடும்பம்.

அழகுபாண்டிக்கு உசிலம்பட்டிச் சந்தைக்குப் பக்கத்தில் மாட்டுத் தீவனக் கடை. புண்ணாக்கும் தவிடும் பருத்திக்கொட்டையும் அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தால் கல்லாவில் இருப்பது அவரா மூட்டையா என்று சட்டென்று தெரியாது. சித்திரை மாதம் அவள் லேப்டாப்போடு போய் நின்றபோது, "எங்க கையெழுத்துப் போடணும் தாயி, சொல்லு" என்றார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க மாமா."

"நீ படிச்சிருக்கேல்ல. அது போதும்."

அப்படிப்பட்ட மனிதர். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது ஹாஸ்டலுக்குப் பெட்டி படுக்கையைத் தூக்கி வந்ததும் அவர்தான்.

வரவு செலவைச் சொன்னது அத்தை ஒச்சம்மாள். கடையை நடத்துவது உண்மையில் அவள்தான். வரவைச் சொன்னாள், வீட்டுச் செலவைச் சொன்னாள், மகன் விருமாண்டி போலீஸ் வேலைக்காகப் பயிற்சி எடுப்பதற்கு ஆகும் செலவைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "செய்முறை இருக்குல்ல, அதையும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

செய்முறை இல்லாமல் அந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பமும் இல்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு என்று எது நடந்தாலும் உறவுமுறைக்காரர்கள் தட்டு எடுத்து, கிடாய் பிடித்து, மேளத்தோடு வந்து இறங்குவார்கள். இன்றைக்கு எனக்கு நீ செய்தால் நாளைக்கு உனக்கு நான் செய்வேன். அழகுபாண்டி தம்பதி கடந்த ஒரு வருடத்தில் செய்த செய்முறையை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, கூட்டியவளுக்கே தலை சுற்றியது. விருமாண்டியின் பயிற்சிக்கு ஆனதைவிட அது அதிகம்.

திட்டம் போட ஆபீசில் கொடுத்த மென்பொருள் எந்த ஊரில் செய்ததோ, அதில் செய்முறைக்கு இடம் இல்லை. வாடகைக்கு இருந்தது, பெட்ரோலுக்கு இருந்தது, ஹோட்டல் சாப்பாட்டுக்குக்கூட இருந்தது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, 'பரிசும் பொழுதுபோக்கும்' என்று இருந்த இடத்தில் அந்தத் தொகையைப் போட்டாள் சத்யப்ரியா. போட்டதும் அந்த வரி முழுக்கச் சிவந்துவிட்டது. வருமானத்தில் இவ்வளவுக்கு மேல் பொழுதுபோக்குக்குச் செலவழிக்கக் கூடாது, குறைக்கவும் என்று எச்சரித்தது. அவளும் குறைத்தாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மிச்சப்பட்ட காசில் மாதாமாதம் முதலீடு போட்டால் மகனுக்கு ஒரு வீடே கட்டலாம் என்று ஒரு வரைபடம் மேலேறிக் காட்டியது. அழகான படம்.

தமிழ்வாணி அந்தத் திட்டத்தைப் பார்த்துப் பாராட்டினாள். "எங்கப்பா ஒருநாள் ஊரைக் கூட்டி, 'நான் இனி யாருக்கும் செய்யமாட்டேன், எனக்கும் யாரும் செய்ய வேணாம்'னு சொல்லிட்டாரு. எங்க சித்தப்பா அஞ்சு வருஷம் எங்க வாசலை மிதிக்கல. அந்தக் காசுலதான் நான் காலேஜுக்குப் போனேன். இதுல மட்டும் இரக்கம் பாக்காத. ஒண்ணுக்கு விட்டுக் குடுத்தா எல்லாத்துக்கும் விட்டுக் குடுக்கணும்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் அப்பா வாங்குவதையும் நிறுத்திவிட்டுத்தான் கொடுப்பதை நிறுத்தினார் என்பதை மட்டும் சத்யப்ரியா கவனிக்கவில்லை.

திட்டத்தைக் கடைக்குக் கொண்டுபோய் விளக்கியபோது ஒச்சம்மாள்தான் முரண்டு பிடித்தாள்.

"அடுத்தவுக செஞ்சத வாங்கி வச்சுக்கிட்டு, நம்ம முறை வாரப்போ கையக் கழுவுனா ஊரு காறித் துப்பாதாம்மா?"

"கையக் கழுவச் சொல்லல அத்தே. போவோம், வாழ்த்துவோம், மொய்ய வச்சிட்டு வருவோம். தட்டு, கிடாயி, மேளம் இதெல்லாந்தான் வேணாங்குறேன்."

அழகுபாண்டி கல்லாப் பெட்டியைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "எல்லாத்துக்குமா தாயி?"

"எல்லாத்துக்குந்தான் மாமா. ஒண்ணுக்கு விட்டுக் குடுத்தா எல்லாத்துக்கும் விட்டுக் குடுக்கணும். அப்புறம் திட்டம் போட்டு என்ன பிரயோசனம்?"

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பார்த்துவிட்டு, "சரி. எம் மருமக சொன்னா அதுல ஒரு ஞாயம் இருக்கும்" என்றார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவளுடைய அம்மா சோலையம்மாளின் வீடு அப்போது காசில்லாமல் கதவுநிலை மட்டத்தோடு நின்றிருந்தது. அது எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டின் புதுமனைச் சீரையும் சேர்த்துத்தான் அவள் வெட்டினாள் என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. தன் வீடு யாருக்குத்தான் செலவுக் கணக்கில் தெரிகிறது?

ஆனி மாதத்தில் அப்பா முத்திருளனுக்கு வருங்கால வைப்பு நிதியிலிருந்து கடன் கிடைத்தது. அவர் அரசு பஸ் கண்டக்டர். பணம் வந்ததும் கொத்தனார் வந்தார், வீடு மளமளவென்று எழும்பியது. ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள்.

சோலையம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தைந்து வருடம் வாடகை வீட்டில் இருந்தவள். வீட்டைவிட அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது தம்பி கொண்டுவரப்போகிற பிறந்த வீட்டுச் சீர்தான். அழகுபாண்டியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் கடை வைத்தபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவள். விருமாண்டிக்குக் காது குத்தியபோது அவள் எடுத்துப்போன தட்டுகளின் வரிசை தெருமுனை தாண்டியும் நீண்டிருந்தது. இதெல்லாம் சத்யப்ரியாவுக்குத் தெரியாததா? பாவாடை சட்டையோடு அந்த வரிசையில் அவளும் ஒரு தட்டுத் தூக்கிப் போனவள்தான்.

"வாசல்ல செருப்பு ஒண்ணும் கெடக்கக் கூடாது. எந் தம்பி தட்டு வைக்க இடம் வேணும்" என்று சொல்லிச் சொல்லிப் பந்தலின் பாதி தூரத்துக்கு ஜமுக்காளம் விரித்து வைத்தாள் சோலையம்மாள். அதைப் பார்த்த பிறகுதான் தான் வெட்டியது எது என்று மகளுக்கு உறைத்தது. மாமாவுக்குப் போன் போட்டாள். "மாமா, அம்மா வீட்டுக்கு மட்டும்..." என்று இழுத்தாள். அவர் சிரித்தார். "நீ கவலைப்படாத தாயி. நீ போட்ட திட்டத்தையும் மீறமாட்டேன், எங்கக்காவயும் விட்டுற மாட்டேன். ஒரு யோசனை வச்சிருக்கேன். ஒங்க ஆபீசு அம்மாகிட்டயும் கேட்டுட்டேன்." அவளுக்கு அரை மனதாகத்தான் ஆறுதல் வந்தது. மேற்கொண்டு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பத்தாவது குடும்பம் அந்த வாரம்தான் கையெழுத்துப் போடுவதாக இருந்தது, அவள் நினைப்பு அங்கே இருந்தது.

விசேஷத்தன்று உறவுக்காரர்கள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். முத்திருளனின் அக்கா மக்கள் மேளத்தோடு வந்தார்கள். ஜமுக்காளம் மட்டும் காலியாகக் கிடந்தது. தம்பி வரட்டும் என்று சோலையம்மாள் அதில் வேறு யாருடைய தட்டையும் வைக்க விடவில்லை.

அழகுபாண்டியும் ஒச்சம்மாளும் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. மேளச் சத்தமும் இல்லை. ஒச்சம்மாளின் கையில் ஒரே ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, நடுவில் கண்ணாடித் தாள் உறையில் ஒரு காகிதம். அத்தை நிமிரவே இல்லை. மாமாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

செய்முறையை மைக்கில் வாசிப்பவர் ரேடியோ செட் நல்லகாமன். யார் என்ன செய்தார்கள் என்பது ஊருக்கே கேட்க வேண்டும், அதற்குத்தான் அவரை வைப்பது. அவர் அந்தக் காகிதத்தை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"உசிலம்பட்டி தீவனக் கடை அழகுபாண்டி, அவங்க அக்காவுக்குப் பிறந்த வீட்டுச் செய்முறை... மாதம் ஐயாயிரம் ரூபாய்!"

பந்தலில் ஒரு சலசலப்பு. மாசாமாசமா என்று வாயைப் பிளந்தார்கள். சோலையம்மாளின் முகம்கூட ஒரு கணம் மலர்ந்தது. நல்லகாமனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. படிக்கத் தெரிந்தவர் ஆயிற்றே, விடுவாரா?

"...மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது" என்று டிவியில் வருவதுபோல் வேகமாக வாசித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். "முதலீட்டாளர் பெயர் அழகுபாண்டி. நாமினி சோலையம்மாள், உறவு அக்கா. முதலீட்டாளர் இறக்கும் பட்சத்தில் முழுத் தொகையும்..."

அதற்குமேல் அவருக்கு வாய் வரவில்லை. மைக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது.

அழகுபாண்டி செய்ததை இப்படித்தான் சொல்ல வேண்டும். திட்டத்தை மீறக் கூடாது. அக்காவுக்கும் செய்ய வேண்டும். தன் பெயரில் போட்ட முதலீட்டில் வாரிசாக இருந்த மனைவி பெயரை எடுத்துவிட்டு அக்கா பெயரைப் போட்டுவிட்டார். தனக்கு என்ன ஆனாலும் எல்லாம் அக்காவுக்குத்தான். ஒரு தம்பி இதைவிடப் பெரிதாக என்ன கொடுத்துவிட முடியும்? அவர் நினைத்தது அதுதான். பால் பொங்கிய வாசலில் அது சாவுச் செய்தியாகக் கேட்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சோலையம்மாள் எழுந்தாள். "எந் தம்பி செத்தா எனக்குக் காசா? புது வீட்டு வாசல்ல வந்து இதையா வாசிக்கிறீக?"

"அக்கா, அது அப்படி இல்லக்கா..." என்றார் அழகுபாண்டி.

"நீ பேசாத. இது ஒம் புத்தி இல்ல. ஒனக்கு இம்புட்டுக் கணக்கு வராது." திரும்பி ஒச்சம்மாளைப் பார்த்தாள். "நீதான்டீ. தட்டுக்கும் கிடாய்க்கும் கணக்குப் பாத்து, ஒரு காகிதத்தைக் குடுத்து எந் தம்பிய என் வாசலுக்கு ஏவி விட்டுட்டேல்ல."

ஒச்சம்மாள் தாம்பாளத்தைக் காலி ஜமுக்காளத்தின் ஓரத்தில் வைத்தாள்.

வீடு கட்டி மிஞ்சிய மணல் வாசலோரம் குவிந்து கிடந்தது. யாரும் தடுப்பதற்குள் சோலையம்மாள் அதில் ஒரு கை அள்ளிவிட்டாள். அந்தப் பக்கத்தில் பொம்பளை மண்ணை அள்ளினால் ஆண்கள்கூட ஒதுங்கி நிற்பார்கள். "கூடப் பொறந்தவனையும் என்னையும் பிரிச்சவ வெளங்க மாட்டா. அவ காலூண்டி நிக்க மாட்டா. எடுத்த காரியம் ஒண்ணும் அவளுக்குக் கைகூடாது" என்று சொல்லித் தூற்றினாள். மணல் ஒச்சம்மாளின் சேலையில் விழுந்தது. காற்றுக்கு, சந்தனக் கும்பாவோடு பக்கத்தில் நின்ற சத்யப்ரியாவின் மேலும் விழுந்தது.

அழகுபாண்டி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாய் திறந்தது. பிறகு அவராகவே மூடிக்கொண்டார். "வா, போவோம்" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு, கை நனைக்காமல், வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார். நான்தான் என்று சத்யப்ரியா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்துவிட்டாள். வேறு என்ன சொல்ல?

அடுத்த வாரம் அவளுடைய வேலை நிரந்தரமானது. பத்தாவது குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது. தமிழ்வாணி கீழேயிருந்து பப்ஸ் வரவழைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். சத்யப்ரியா தன் பங்கைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டாள். தமிழ்வாணி தனியே கூப்பிட்டு விசாரித்தபோது அழுதுவிட்டாள்.

"இவ்வளவுதானே? உங்கம்மாகிட்டச் சொல்லிடு. நாலு திட்டுத் திட்டுவாங்க, அப்புறம் சரியாயிடும்."

"மண்ணள்ளித் தூத்திருச்சுக்கா."

தமிழ்வாணி கையிலிருந்த பப்ஸைக் கீழே வைத்தாள். காரும் ஃப்ளாட்டும் வாங்கியவள், சந்தையின் ஏற்ற இறக்கத்தை விரல் நுனியில் வைத்திருப்பவள்தான் அவள். ஆனால் திருவாதவூரிலும் மண் அள்ளுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சத்யப்ரியா தீவனக் கடைக்குப் போனாள். விருமாண்டி கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலை ஒரு மூட்டையின் மேல் நீட்டியிருந்தான். கணுக்காலில் கட்டு. ஓட்டப் பயிற்சியில் பள்ளத்தில் கால் இடறிவிட்டதாம். போலீஸ் தேர்வுக்கு அடுத்த மாதம் ஓட வேண்டும். ஓடுகிற பையனுக்குக் கால் பிசகுவது அதிசயம் இல்லைதான். ஆனால் ஒச்சம்மாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா தாயி" என்றார் அழகுபாண்டி, எதுவுமே நடக்காததுபோல. "வேலை நெரந்தரமாயிருச்சாமே. ஆபீசு அம்மா போன்ல சொன்னாக."

"மாமா, நான் அம்மாகிட்டச் சொல்லப் போறேன்."

"சொல்லாத." அவர் குரல் சட்டென்று கடுமையானது. "எங்கக்கா எம் மேல கோவிச்சுக்கிட்டா அது இன்னைக்கில்லாட்டி நாளைக்கு வரும். அது தூத்துன மண்ணு ஒம் மேலதான்னு தெரிஞ்சா, பெத்தவ அது தாங்குமா? ஒனக்கும் இப்பத்தான் ஒரு வழி தெறந்திருக்கு. சொல்லாத."

ஒச்சம்மாள் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். "ஒங்க மாமன் சொல்லாதம்பாக. நான் ஒண்ணு கேக்கவா? நான் வேணாமுன்னு சொன்னனா? சேல எடுத்தாச்சு. கிடாய்க்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. மதினி வீட்டுக்குத் தட்டில்லாமப் போனா என் தலையிலதான் விடியும்னு அழுதேன். சேல இன்னும் பீரோவுலதான் கெடக்கு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பேரு கெட்டது கெட்டுப்போச்சு. அத விடு. அந்த வார்த்தைய மட்டும் மதினிய வந்து எடுத்துக்கச் சொல்லு. எம் புள்ள நெத்தியில ஒரு துளி துன்னூறு பூசிட்டுப் போகட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

சத்யப்ரியாவுக்கு அந்த இடத்தில் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சீர் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவள் அத்தை. வெட்டியவள் இவள். மண் விழுந்ததோ அத்தைமேல்.

"கூட்டிட்டு வாரேன் அத்தே" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்தால் நாக்கு எழவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. சோலையம்மாள் தம்பியின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாள். போட்டவளே தனியாக இருக்கும்போது மூக்கைச் சிந்தினாள். புது வீட்டின் டைல்ஸ் தரையில் நடக்கும்போது அவளுக்கு முன்னால் இருந்த பெருமை எதுவும் இல்லை. மகளின் வேலை நிரந்தரமானது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த சந்தோஷம். "எம் பொண்ணு சொந்தக் கால்ல நின்டுட்டா" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம், அம்மா மண் தூற்றியபோது 'காலூண்டி நிக்க மாட்டா' என்றது சத்யப்ரியாவுக்கு ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது சோலையம்மாள் கொல்லையில் வெந்நீர் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். அப்பா டூட்டிக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அம்மா, விருமாண்டிக்குக் காலு பிசகிருச்சு. அடுத்த மாசம் அவனுக்கு ஓட்டம்."

சோலையம்மாளின் கை நின்றது. தம்பி மகன். அவன் காதுகுத்துக்குத் தெருவடைக்கத் தட்டுத் தூக்கிப் போனவள் அவள். ஆனால் திரும்பியபோது முகம் கல்லாக இருந்தது. "அவன் அம்மா செஞ்சதுக்கு" என்றாள்.

"அத்தை ஒண்ணும் செய்யலம்மா. அத்தை சேலையெல்லாம் எடுத்து வச்சிருந்துச்சு. கிடாய்க்கு அட்வான்ஸ்கூடக் குடுத்திருந்துச்சு. வேணாமுன்னு சொன்னது அத்தை இல்ல."

"பின்ன? எந் தம்பியா?"

"மாமாவும் இல்ல."

சோலையம்மாள் மகளைப் பார்த்தாள். அந்தக் காகிதம் காளவாசல் ஆபீசில் அடித்தது என்பது ஊருக்கே தெரியும். நாமினி, முதலீடு என்ற வார்த்தைகள் அந்த வீட்டுக்குள் முதலில் யார் வாயிலிருந்து வந்தன என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததை எல்லாம் கூட்டிப் பார்க்கத்தான் இத்தனை நாளும் அவள் துணியவில்லை. இப்போது அந்தக் கூட்டல் அவள் கண்ணில் தானாக நடந்தது.

"அம்மா, அது..."

"இரு." சோலையம்மாள் எழுந்தாள். "மூஞ்சி வாடிப்போயிருக்கு ஒனக்கு. வேலை கெடச்சதுல ஊரு கண்ணெல்லாம் ஒம் மேலதான். மொதல்ல சுத்திப் போடணும்."

"அதெல்லாம் வேணாம்மா. நான் சொல்றதக் கேளு."

அவள் கேட்கவில்லை. சமையலறைக்குள் போய் உப்பு டப்பாவையும் வரமிளகாயையும் எடுத்து வந்தாள். பிறகு வாசலுக்குப் போனாள். அந்த மணல் குவியல் இன்னும் அங்கேயேதான் கிடந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வந்து உப்போடும் மிளகாயோடும் சேர்த்து வலது கையில் பொத்திக்கொண்டாள்.

"கெழக்க பாத்து நில்லு."

சத்யப்ரியா நின்றாள். அம்மாவின் கை அவள் தலையைச் சுற்றி வலமாகவும் இடமாகவும் போய் வந்தது. வழக்கமாகச் சுற்றும்போது, ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு என்று வாய்விட்டுச் சொல்வாள். இன்றைக்கு உதடு மட்டும்தான் அசைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"துப்புடீ."

துப்பினாள். சோலையம்மாள் கையிலிருந்ததை அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது.

"நான்தாம்மா மாமாகிட்டச் சீரை நிறுத்தச் சொன்னது. அத்தையில்ல, நான்தான்."

சோலையம்மாள் நெருப்பைப் பார்த்தபடியே நின்றாள். "என்னமோ சொல்றியே. உப்பு வெடிக்கிற சத்தத்துல காதுல ஒண்ணுமே விழல."

"அம்மா, அத்தை கெஞ்சுதும்மா. ஒரு தடவை வந்து விருமாண்டிக்குத் துன்னூறு பூசிட்டு..."

"நான் சொன்னது அவளத்தான். அவள மட்டுந்தான். வேற யாரையும் இல்ல." விறகை உள்ளே தள்ளினாள். "நீ கையக் காலக் கழுவிட்டுச் சாமிகிட்டப் போய் நில்லு. நாளைக்கு ஆபீசுக்குப் போகணும்ல."

அடுப்பில் சத்தம் அடங்கிக்கொண்டு வந்தது. மிளகாய் கருகியும் நெடி ஏறவில்லை; கண்ணேறு பலமாக இருந்தால் அப்படித்தான் என்பார்கள். சத்யப்ரியா கிட்டே போனாள், அம்மாவின் காதருகே நின்று, ஊருக்கே கேட்கிறாற்போல், "நான்தாம்மா" என்றாள்.

சோலையம்மாள் டப்பாவைத் திறந்து, இன்னொரு கை உப்பை அள்ளி அடுப்பில் போட்டாள்.